எங்கள் வீட்டில் நிச்சயமான நட்பு

கட்டின புருஷன் பெயரையே இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை நான். ‘இவர்’ என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். அதனால் இங்கே யாருக்கும் பெயர் இருக்காது, நாடுகளுக்கும் இருக்காது. ஒன்று தென்னமெரிக்காவில் இருக்கிறது, இன்னொன்று ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நான் சொல்லப்போகும் மனிதர்களின் சொந்தபந்தங்கள் இரண்டு இடத்திலும் இன்னும் இருக்கிறார்கள். என்னால் அவர்களுக்கு ஒரு வம்பும் வேண்டாம்.

நாங்கள் மாண்ட்ரியலுக்கு வந்தது அறுபத்தெட்டில். எல்லா நாடுகளும் சேர்ந்து விமானப் போக்குவரத்துக்கு விதிமுறை வகுக்கும் பெரிய அலுவலகம் ஒன்று ஊரின் நடுவே இருந்தது. இவருக்கு அதில் பொறியாளர் வேலை. நான் திருச்சியில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, பாதி வருடம் மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற ஊரில் வந்து உட்கார்ந்தேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மேட்டுத் தெருவில் ஓர் அடுக்குமாடி. இட்லி மாவைச் சுடுநீர்க் குழாய் ஓடும் ஹீட்டர் மேல் கம்பளி சுற்றி வைத்தால்தான் புளிக்கும். உளுந்து வேண்டுமென்றால் நியூயார்க்கிலிருந்து யாராவது வரவேண்டும்.

அந்த அலுவலகத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒரு பிரதிநிதியை அனுப்பி வைத்திருந்தது. பணக்கார நாட்டுப் பிரதிநிதிகள் மலைமேல் பங்களாவில் இருந்தார்கள். அந்த ஆப்பிரிக்க நாட்டுப் பிரதிநிதி எங்களுக்கு நேர் கீழே குடியிருந்தார். நெடுநெடுவென்று உயரம், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அழுத்தமான பேச்சு, மனைவி, நடக்கப் பழகும் ஒரு பெண் குழந்தை.

ஒரு நாள் இட்லிப்பொடிக்கு மிளகாய் வறுத்துச் சின்ன இரும்பு உரலில் இடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். கீழேயிருந்து சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகப் போய்த் திறந்தேன். நின்றது கீழ்வீட்டம்மா, இடுப்பில் குழந்தையோடு. பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், மீதி கைஜாடை. அவள் ஊரில் வாசலுக்கு வாசல் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு இடிப்பார்களாம். இங்கே வந்த பிறகு அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்டாளாம். உள்ளே வந்து என் உரலைப் பார்த்தவள், இத்துனூண்டு உரலா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அவர்கள் கூடத்தில் ஒரு போட்டோ இருந்தது. அதில் பெற்றவர்கள், கைக்குழந்தை, அப்புறம் பின்னல் போட்ட ஒரு பெரிய பெண். பதினான்கு வயது இருக்கும். அப்பா ஜாடை அப்படியே. பெரியவளை ஹாஸ்டலில் விட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். நம்ம ஊர்ப் புத்தி, பார்த்தவுடன் கேட்டுவிடும். கீழ்வீட்டம்மா போட்டோவை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பழக்கம் முற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அவர்கள் நாட்டில் ஓர் ஏற்பாடு. வெளிநாட்டுக்குப் போகிற அதிகாரி ஒரு பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எழுதி வைத்த சட்டமெல்லாம் கிடையாது. குடும்பத்தோடு கிளம்பும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் பயண அனுமதி வராது, அவ்வளவுதான். அப்பன் அங்கே போய் ஏதாவது பேசினால், ஓடிப்போனால், பிள்ளை இருக்கிறது கைக்கெட்டும் தூரத்தில். அந்தப் பெண் அத்தை வீட்டில் இருந்தாள். இதைவிடக் கொடுமை என்னவென்றால், கீழ்வீட்டம்மாவின் அண்ணன் அங்கே மந்திரியாக இருந்தவர். ஒரு காலை ரேடியோவில் அவரைத் துரோகி என்று வாசித்தார்கள். அதோடு அவர் கதை முடிந்தது. அடுத்தது தன் முறை என்று கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு அழைப்பு வரும். போனால் அவர் உயிர் போய்விடும். போகாமல் கனடாவில் அடைக்கலம் கேட்டால் அங்கே பெண் போய்விடுவாள். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

இனி அடுத்தவர். அந்தத் தென்னமெரிக்க நாட்டின் பிரதிநிதி. மனைவியை இழந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது, எப்போதும் கையில் சுருட்டு. என் வீட்டில் புகை கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இவரோடு அலுவலகத்தில் சிநேகம். தனி ஆள், பாவம், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்றோ என்று இவர் ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டிவந்தார். சுருட்டுக்காரருக்குக் காரம் ஆகாது. சாம்பாரைக் கண்டால் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே, அருமை, அருமை என்பார். பொய் சொன்னாலும் மரியாதையாகச் சொல்கிற மனிதர்.

அன்றைக்குப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் என் பாத்திரம் ஒன்றைத் திருப்பித் தர மேலே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் எழுந்து விறைத்துப் போய் நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு இவர் விளக்கினார். அந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே உறவே கிடையாதாம். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒரு நாட்டை மற்றது பார்த்ததேயில்லை என்கிற மாதிரி. உறவில்லாத நாட்டுப் பிரதிநிதிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாது. கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் தனியாகப் பேசக்கூடாது. நல்ல கூத்துதான். இது என் வீடு, இங்கே உட்கார்ந்தால் சாப்பிடத்தான் வேண்டும் என்று இருவருக்கும் தட்டு வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே சுருட்டுக்காரர் தன் அப்பாவின் கதையைச் சொன்னார். அவர்கள் ஊரிலும் பக்கத்து நாடுகளிலும் ஆட்சி கவிழ்வது திருச்சியில் மழை பெய்வதைவிட அடிக்கடி நடக்கும் போலிருக்கிறது. அவர் அப்பா எதிர்க்கட்சிக்காரர். பட்டாளம் பிடிக்க வந்தபோது வேலியேறிக் குதித்துப் பக்கத்து நாட்டின் தூதரகத்துக்குள் ஓடிவிட்டார். உள்ளே நுழைந்தவனைத் தூதர் வெளியே தள்ளமாட்டார். வெளியே நிற்கிற போலீஸ் உள்ளே வராது. மாதக்கணக்கில் அந்தத் தூதரகத்துச் சமையலறை ஓரத்தில் படுத்துக்கிடந்து, கடைசியில் அரசாங்கமே வழி விட்டு அனுப்பி வைத்ததாம். சுருட்டுக்காரரும் இளம் அதிகாரியாக இருந்தபோது தங்கள் தூதரகத்தில் அப்படி ஒருவரை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது சாமி சத்தியம் மாதிரி, எவ்வளவு மோசமான ஆட்சியும் இதை மீறாது என்று மார்பில் கைவைத்துச் சொன்னார்.

கீழ்வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். மறுநாள் மேலே வந்து, அடுத்த சனிக்கிழமையும் அந்த நண்பர் வருவாரா என்று இவரிடம் கேட்டார்.

கீழ்வீட்டுக்காரர் மனசுக்குள் போட்டிருந்த திட்டம் இதுதான். இரண்டு நாடுகளும் உறவு வைத்துக்கொண்டால் ஆப்பிரிக்கத் தலைநகரில் அவர்கள் ஒரு தூதரகம் திறப்பார்கள். அதன் வாசற்கதவு வழியாக அந்தப் பெண் அத்தையோடு உள்ளே நடந்துவிட்டால் போதும். பிறகு அவளை யாரும் தொடமுடியாது. மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்துவிடலாம். அவள் எல்லை தாண்டிய அன்றைக்கே இவர்கள் கனடாவில் அடைக்கலம் கேட்டுவிடலாம். ஆக, பெற்ற பெண்ணைக் காப்பாற்ற ஒரு மனிதன் முதலில் இரண்டு நாடுகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சம்பந்தம் பேசிய இடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இவர் எந்த நாட்டுக்கும் சேராத பன்னாட்டு ஊழியர். அவர் வீட்டில் இரண்டு பேர் தற்செயலாகச் சந்தித்தால் விதிமீறல் ஆகாதாம். அந்தத் தற்செயல் சனிக்கிழமை தவறாமல் நடந்தது. முதலில் சுருட்டுக்காரர் வருவார். கோட்டைக் கழற்றி, பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உட்காருவார். சற்றுப் பொறுத்துக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். “அட, நீங்களும் இங்கேயா?” என்று இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவார்கள். எங்களைத் தவிர அங்கே ஈ காக்கை கிடையாது. யாருக்காக இந்த நாடகம் என்று கேட்டேன். நாளைக்கு யாராவது கேட்டால், ஆச்சரியப்பட்டோம் என்று உண்மையைச் சொல்லலாம் அல்லவா என்றார் சுருட்டுக்காரர்.

பேச்சு வார்த்தை என்றால் ஏதோ பெரிய விஷயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். போதுமடா சாமி. அறிக்கையில் எந்த நாட்டின் பெயர் முதலில் வரும் என்பதற்கே ஒரு குளிர்காலம் பாதி போய்விட்டது. நம்ம ஊரில் பெண்வீட்டுப் பத்திரிகை வேறு, பிள்ளைவீட்டுப் பத்திரிகை வேறு அடிக்கிறோமே, அப்படி ஆளுக்கொரு பிரதி எழுதிக்கொள்ளுங்களேன் என்று தோசை வார்த்துக்கொண்டே சொன்னேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம்; தங்கள் தலைநகரங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பதுதான் பாடு என்றார்கள். சுருட்டுக்காரரின் நாட்டுக்கு ஆப்பிரிக்காவில் புது நண்பர்கள் தேவைப்பட்டார்கள், கூட்டங்களில் ஓட்டுப் போட. கீழ்வீட்டுக்காரரின் ஆட்சிக்கு, கண்டம் தாண்டி ஒருவன் நம்மை மதிக்கிறான் என்று ஊருக்குக் காட்டவேண்டியிருந்தது. அந்த ஆசையை ஊதி ஊதிப் பெரிதாக்கியவர் கீழ்வீட்டுக்காரர்தான். தன் மைத்துனனைக் கொன்றவர்களுக்கு, இந்த நட்பால் உங்கள் புகழ் ஓங்கும் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். அப்படிச் சொல்லி அனுப்பிய நாட்களில் அவர் சாப்பிடமாட்டார்.

எழுபது அக்டோபரில் இந்த ஊரில் அயல்நாட்டு அதிகாரி ஒருவரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஊரெங்கும் பட்டாளம் இறங்கியது. பிரதிநிதி இருக்கும் வீடு என்று எங்கள் வாசலிலும் துப்பாக்கியோடு ஒருவனை நிறுத்தினார்கள். முகத்தில் மீசை கூட அரும்பாதவன். குளிரில் நிற்கிறானே என்று காப்பி கொடுத்தேன், மெர்சி மதாம் என்று வாங்கிக்கொண்டான். கீழ்வீட்டம்மா அவன் இருந்தவரை வெளியே தலைகாட்டவில்லை. தன்னைக் காக்கத்தான் நிற்கிறான் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அவள் அண்ணன் வீட்டு வாசலிலும் முதலில் காவலுக்குத்தான் நிறுத்தினார்களாம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரர் தன் பெண்ணைப் பற்றிச் சுருட்டுக்காரரிடம் சொன்னார். அதுவரை சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். சுருட்டுக்காரர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். எங்கள் வாசலில் நுழைந்தால் அவள் எங்கள் பெண் என்றார். எனக்கு மட்டும் மனசில் ஒன்று உறுத்தியது. வழக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம். காவிரிக்கு வடகரையில் ஒன்று, தென்கரையில் ஒன்று. அதனால் கேட்டேன்.

“உங்க பக்கத்து வழக்கம் அந்த ஊர் மண்ணிலயும் செல்லுமா?”

அவர் சிரித்தார். “எங்க கொடி எங்க பறக்குதோ அதுதான் எங்க மண், மதாம்.”

அதற்குமேல் நான் என்ன பேச? வீட்டுக்குள் அடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள். ராஜதந்திரம் தெரிந்த இரண்டு பேர், இவரும் கூட, தலையாட்டினார்கள். ஒருவரும் ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. காலம் காலமாக நடக்கிற வழக்கத்தை யார் புத்தகத்தில் தேடுவார்கள்? மூச்சு விடுவதற்கு யாராவது விதி பார்ப்பார்களா?

எழுபத்தொன்று வசந்தத்தில் அறிக்கை வந்தது. தூதர் நிலையில் உறவு. நகரத்து ஹோட்டல் ஒன்றில் விருந்து. காஞ்சிபுரம் பட்டும் பனிக்கால பூட்ஸுமாக நான் போய் நின்றேன். இரண்டு கொடிகளையும் பூச்சாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்திருந்தார்கள். எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் ஜனாதிபதி நீடூழி வாழ வேண்டும் என்று பேசினார், குரல் நடுங்காமல். அவர் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி எனக்கு மணிக்கட்டு சிவந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வாய்கொள்ளாத சந்தோஷம் அன்றைக்கு.

கோடையில் தூதரகம் திறந்தார்கள். தலைநகரில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வெள்ளை வீடாம், இரும்புக் கதவாம். சுருட்டுக்காரர் கேட்டுவந்து சொன்னார். அந்த வழியில் பறக்கும் விமானி ஒருவரை இவர்களுக்குத் தெரியும். எழுத்தாக எதுவும் வேண்டாம் என்று வாய்ச்சொல்லாகவே அத்தைக்குச் சேதி போயிற்று. புதுத் தூதர் வந்து இறங்கட்டும், ஊர் அடங்கட்டும், பிறகு ஒரு பகல்பொழுதில், சந்தைக்குப் போகிற மாதிரிக் கூடையோடு போங்கள் என்று.

அதன்பிறகு கீழ்வீட்டம்மா இரவும் பகலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மேலே வந்து என் சமையலறையில் உட்காருவாள். குழந்தை தரையில் டம்ளர்களை உருட்டும். அவள் தன் பெரிய பெண்ணைப் பற்றிப் பேசுவாள். கணக்கில் கெட்டி. வாய்த்துடுக்கு. அப்பாவைத் தவிர யாருக்கும் அடங்காது. வந்ததும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், இங்கிலீஷிலா பிரெஞ்சிலா என்று என்னைக் கேட்பாள். குளிருக்கு என்ன மாதிரிக் கோட்டு வாங்கவேண்டும் என்று கேட்பாள். பிரெஞ்சுப் பள்ளிதான் சுலபம் என்றேன் நான். அவள் வந்து நிற்கப்போகிறாள் என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மேப்பிள் இலை சிவந்து கொட்டுகிற சமயம். ஒரு சனிக்கிழமை மதியம் சுருட்டுக்காரர் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கையில் சுருட்டு இல்லை. கீழே போய் அவரைக் கூப்பிட்டு வர முடியுமா, எனக்குப் போகக் கால் வரவில்லை என்று இவரிடம் சொன்னார். இவர் போனார். கீழ்வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். அன்றைக்கு இரண்டு பேரும் ஆச்சரியப்படவில்லை.

“உள்ள விட்டாங்களா?” என்று கேட்டார் கீழ்வீட்டுக்காரர்.

“விட்டாங்க. உட்கார வச்சாங்க. பொண்ணுக்குப் பால் கொடுத்தாங்க.”

“அப்புறம்?”

அப்புறம் நடந்ததைச் சுருட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புதுத் தூதர் நல்ல மனிதர்தான். அறை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, என்ன செய்யவேண்டும் என்று தன் தலைநகரைக் கேட்டார். அவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்த வழக்கம் தங்கள் கண்டத்து நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆப்பிரிக்காவில் அதற்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். அதோடு, உறவு ஏற்பட்டு இன்னும் ஈரம் காயவில்லை. முதல் காரியமாக நண்பரின் மனசைப் புண்படுத்தலாமா? ஆகவே நண்பரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டு, பெண்ணையும் அத்தையையும் ஒப்படைத்துவிட்டார்கள். கௌரவக் குறைச்சல் இருக்கக்கூடாதென்று தூதரின் காரிலேயே, முன்னால் கொடியைக் கட்டி, அனுப்பி வைத்தார்கள். காரில் ஏறும்போது வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள் அவளிடம்.

“பாவிங்களா” என்றேன் நான். தமிழில்தான். அதற்குமேல் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். மண் குதிரையை நம்பி ஒரு குழந்தையை ஆற்றில் இறக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். இவர் சும்மா இரு என்றார். நான் ஏன் சும்மா இருக்கணும் என்று இவர்மேலும் பாய்ந்தேன். பிறகு இங்கிலீஷில் சுருட்டுக்காரரைக் கேட்டேன், கொடி பறக்கிற இடம் எங்கள் மண் என்று சொன்னீர்களே என்று. அவர் நிமிரவில்லை. நான் அப்படித்தான் நம்பினேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பொய்யனாக இருந்திருந்தால் நாலு அறை விட்டாவது மனசு ஆறியிருக்கும்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. பயந்தாளா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றார் சுருட்டுக்காரர். சரி என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து கீழ்வீட்டம்மாவின் குரல் வந்தது. அழுகையா, யாரையாவது கூப்பிட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

ஊருக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது. ஆலோசனைக்காக என்று இருந்ததாம். இவர் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்துவிட்டு வந்து, கனடாவில் தங்க அனுமதி கேட்கலாம், கிடைக்கும், போகவே போகாதீர்கள் என்று மன்றாடினார். நானும் பக்கத்தில் நின்றேன். கீழ்வீட்டம்மா சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனால் பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா என்று இவர் கேட்டார். அவருக்கு அந்த மாதிரி நினைப்பெல்லாம் இல்லை. தன் ஆட்களை அவருக்குத் தெரியாதா?

“விடமாட்டாங்க” என்றார். “நான் இங்க இருந்தா அவ அங்க தனியா இருப்பா. நான் போனா தனியா இருக்கமாட்டா. அவ்வளவுதான்.”

கீழ்வீட்டம்மா சின்னவளை எழுப்பாமல் மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போய், அவர் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவளும் சின்னவளும் இங்கேயே இருப்பது என்று ஏற்கெனவே இருவரும் பேசி முடித்திருந்தார்கள். டோர்வல் விமான நிலையத்துக்கு இவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் கீழ்வீட்டுக்காரர் புதிதாகப் போடும் நெடுஞ்சாலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாராம். இவர் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்துவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் சுருட்டுக்காரர் கதவைத் தட்டினார். சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கதவைத் தட்டியவர் யாராக இருந்தாலும் கை நனைக்காமல் அனுப்பாத குடும்பத்தில் பிறந்தவள் நான். சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்றேன். உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை அவருக்கும் வந்திருக்கும். பரவாயில்லை மதாம் என்று தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

கீழ்வீட்டம்மாவுக்கும் சின்னவளுக்கும் இங்கே தங்க அனுமதி கிடைத்தது. அவள் பக்கத்து மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சின்னவள் பகலெல்லாம் என்னிடம். என்னை மாமி என்று தமிழிலும் அம்மாவைப் பிரெஞ்சிலும் கூப்பிடுகிற அளவுக்கு வளர்ந்தாள். ஊருக்குப் போன அப்பாவைப் பற்றியும் பெரியவளைப் பற்றியும் ஒரு சேதியும் இல்லை. விமானி அந்த வழியில் பறப்பதை நிறுத்திவிட்டார். அத்தை வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று மட்டும் கடைசியாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறார்கள், இல்லை என்று ஒன்று தெரிந்தால்கூட ஒரு வழியில் தாங்கிக்கொள்ளலாம். கீழ்வீட்டம்மா ஒவ்வொரு நாளும் இரண்டையும் தாங்கவேண்டியிருந்தது.

எழுபத்து மூன்றா, நாலா, சரியாக நினைவில்லை. அந்தத் தென்னமெரிக்க நாட்டின் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார், பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கீழ்வீட்டம்மா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவர்களால்தான் இப்படி ஆயிற்று, அவர்களுக்குத்தான் அங்கே ஒரு தூதர் இருக்கிறார், அவர் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். எனக்கு விருப்பமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். இருப்பதில் நல்ல கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, சின்னவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இளைஞன்தான் அந்த அதிகாரி. எழுந்து நின்று நாற்காலி போட்டான். முழுக்கக் கேட்டான். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. சின்னவளுக்கு மிட்டாய் கொடுத்தான். பிறகு மிகவும் வருத்தத்தோடு சொன்னான். இரண்டு நாடுகளுக்கும் நல்ல உறவு இருக்கிறது. ஒரு நட்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது மரியாதை இல்லை. நட்பில்லாத நாடாக இருந்தால் மனிதாபிமான முறையில் ஏதாவது கேட்டுப்பார்த்திருக்கலாம்.

அவள் நன்றி சொன்னாள். மூவரும் தெருவுக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றோம். பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. சின்னவள் மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டம்மா என்னைக் கேட்டாள்.

“அந்த நட்பை என் வீட்டுக்காரர்தானே உண்டாக்கினார்?”

ஆமாம் என்றேன்.